இறங்குபாதையின் அடியில் யார் யாரைப் பார்க்கிறார்கள்?

மேம்பாலத்தின் இறங்குபாதை தரையைத் தொடும் இடம் சாலைப் பொறியாளர்களின் தீராத தலைவலி. யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மேலே ஓடிவந்த வண்டி, சில விநாடிகளில் பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் சாலையைக் கடக்கும் முதியவர்களும் நிறைந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே ஓட்டுநருக்கு எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்? தூரம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடுமா?

கேள்வி எளிது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதற்குச் சொல்லப்பட்டுவரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நான்கு கிளைகளாக விரியும் 'குளோவர் இலை' வடிவத்துக்கு மேரிலாண்டைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் 1916-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் முதல் குளோவர் இலைச் சந்திப்பு 1929-இல் நியூஜெர்ஸியின் உட்பிரிட்ஜில் திறக்கப்பட்டது. ஒரு சாலையின் ஓட்டம் இன்னொன்றைத் தடுக்கக் கூடாது என்பதே அந்த வடிவமைப்பின் இலக்கு. நடந்து செல்பவர் அந்த வளையங்களை எங்கே, எப்படிக் கடப்பார் என்பதற்கு அதில் இடமில்லை. பின்னால் வந்த விவாதங்களில் பெரும்பகுதி இந்த விடுபடலைச் சரிசெய்யும் முயற்சிதான்.

பத்து சென்டிமீட்டரில் தொடங்கிய கணக்கு

முதல் பதில் கணிதத்தின் வழியே வந்தது. ஓட்டுநர் ஒரு தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்தி, வண்டி நிற்கும்வரை கடக்கும் தூரம்தான் நிறுத்தப் பார்வைத் தூரம். சாலையில் எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் அவ்வளவு தூரமாவது முன்னால் தெரிய வேண்டும் என்பது விதி. இதில் இரண்டு உயரங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஓட்டுநரின் கண் தரையிலிருந்து இருக்கும் உயரம், மற்றது அவர் காண வேண்டிய பொருளின் உயரம்.

1940-இல் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் கண் உயரத்தைச் சுமார் 137 சென்டிமீட்டர் என்றும் பொருளின் உயரத்தைச் சுமார் 10 சென்டிமீட்டர் என்றும் வைத்தது. பிறகு கார்கள் தாழ்ந்தன, ஓட்டுநரின் கண்ணும் தாழ்ந்தது. பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் மேடுகளையெல்லாம் இன்னும் நீளமாகக் கட்ட வேண்டியிருக்கும். 1965-இல் கண் உயரம் 114 ஆகவும் பொருள் உயரம் 15 சென்டிமீட்டராகவும் மாறின. 2001-இல் கண் உயரம் 108 சென்டிமீட்டராக வந்து நின்றது. பொருள் உயரமோ ஒரே தாவலில் 60 சென்டிமீட்டராகிவிட்டது. சாலையில் கிடக்கும் சிறு பொருளைவிட முன்னால் செல்லும் காரின் பின்விளக்கே ஓட்டுநர் காண வேண்டிய முக்கியமான பொருள் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே பார்வைத் தூரத்துக்குத் தேவைப்படும் மேட்டின் நீளம் இந்த மாற்றத்தால் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. கட்டுமானச் செலவில் இது சிறிய தொகை அல்ல.

இந்த மரபின் மீது கூர்மையான விமர்சனம் வைத்தவர் டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்ரா ஹாவர். வடிவமைப்புத் தரங்களின் பாதுகாப்பு குறித்து 1990-களின் இறுதியில் எழுதிய அவர், இந்த எண்கள் விபத்துத் தரவுகளிலிருந்து பிறந்தவை அல்ல என்று காட்டினார். ஓர் ஆபத்தைக் கற்பனை செய்து அதற்கேற்பக் கணக்குப் போட்டார்களே தவிர, அந்த ஆபத்தால் உண்மையில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்துத் தரத்தை எழுதவில்லை என்பது அவர் வாதம். தரத்தை நிறைவுசெய்யும் சாலை பாதுகாப்பானது, நிறைவுசெய்யாதது ஆபத்தானது என்ற பொறியாளர்களின் நம்பிக்கையை அந்த வாதம் அசைத்தது.

இந்திய சாலைக் காங்கிரஸின் தரங்கள் கண் உயரத்தை 120 சென்டிமீட்டராகவும், பொருள் உயரத்தை 15 சென்டிமீட்டராகவும், உணர்ந்து செயல்பட எடுக்கும் நேரத்தை 2.5 விநாடியாகவும் கொள்கின்றன. அதன்படி 30 கிலோமீட்டர் வேகத்துக்கு 30 மீட்டர், 50-க்கு 60 மீட்டர், 80-க்கு 120 மீட்டர் பார்வை வேண்டும். இந்தியாவில் 15 சென்டிமீட்டரைக் கைவிடாதது நல்லதென்றே தோன்றுகிறது. விழுந்து கிடக்கும் இருசக்கர வாகன ஓட்டி 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதில்லை.

இந்தக் கணக்கின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் நேர் எதிரே பார்க்கிறார், தடை ஏற்கெனவே சாலையில் இருக்கிறது என்ற இரண்டு அனுமானங்களின் மேல் அது நிற்கிறது. இறங்குபாதையின் முடிவில் இரண்டுமே பொய்த்துப்போகலாம். பிரதான சாலையில் நுழைய இடைவெளி தேடும் ஓட்டுநரின் தலை வலப்பக்கம் திரும்பியிருக்கும். பாதசாரியோ இடப்பக்க நடைபாதையிலிருந்து அப்போதுதான் கால் எடுத்து வைப்பார். 60 மீட்டர் தெரிந்தும் அந்த நொடியில் பயன் இல்லை.

வளையும் பாதைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நியூஜெர்ஸி வகைக் கான்கிரீட் தடுப்பின் வழக்கமான உயரம் 81 சென்டிமீட்டர், கனரக வாகனங்களைத் தாங்கக் கட்டப்படும் உயரமான வகை 107 சென்டிமீட்டர். அமெரிக்கத் தரம் எடுத்துக்கொள்ளும் கண் உயரத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். லாரி கீழே விழாமல் காக்கும் சுவர், வளைவின் உட்பக்கத்தில் கார் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் சுவராகிவிடுகிறது.

பார்வையைக் குறைத்துப் பார்த்தவர்கள்

இரண்டாவது பதில் முதலாவதைத் தலைகீழாக்கியது. தூரம் தெரியத் தெரிய ஓட்டுநர் துணிச்சல் கொள்கிறார், வேகம் கூட்டுகிறார். ஆகவே பார்வையை அளவோடு கொடுப்பதே பாதுகாப்பு என்றார்கள் இந்தத் தரப்பினர். ஓட்டுநர்கள் தாங்கள் ஏற்கும் ஆபத்தின் அளவை மாற்றிக்கொள்வதில்லை, சாலையைப் பாதுகாப்பாக்கினால் வேகத்தால் அதை ஈடுசெய்துவிடுகிறார்கள் என்று 1982-இல் ஜெரால்டு வைல்டு முன்வைத்த கோட்பாடு இதற்கு அடித்தளம் தந்தது. அந்தக் கோட்பாட்டின் முழு வடிவத்தை இன்று பலர் ஏற்பதில்லை. ஓட்டுநர்கள் ஓரளவு ஈடுசெய்கிறார்கள் என்பதை மறுப்பவர்களும் அதிகமில்லை.

பிரிட்டனில் இது நடைமுறைக்கே வந்தது. ரவுண்டானாவை நெருங்கும் வேகமான சாலைகளில் வலப்பக்கம் மிக முன்கூட்டியே தெரிந்தால், ஓட்டுநர்கள் இடைவெளியைக் கணித்துக்கொண்டு வேகம் குறைக்காமலே உள்ளே நுழைகிறார்கள் என்பது அனுபவம். அதனால் குறைந்தது 2 மீட்டர் உயரத் திரை வைத்து, வழிவிடும் கோட்டுக்கு 15 மீட்டர் தூரம் வரும்வரை அந்தப் பார்வையை மறைக்கலாம் என்று அந்நாட்டு வடிவமைப்புக் கையேடு சொன்னது. குடியிருப்புத் தெருக்களுக்காக 2007-இல் வந்த 'மேனுவல் ஃபார் ஸ்ட்ரீட்ஸ்' அதே திசையில் சென்றது. அதற்காகப் போக்குவரத்து ஆய்வகம் நடத்திய ஆய்வில், சாலை குறுகி முன்பார்வையும் குறைந்த இடங்களில் வேகமும் குறைவாக இருந்தது. கையேடு உணரும் நேரத்தை 2 விநாடியிலிருந்து 1.5 ஆகக் குறைத்து, மணிக்கு 30 மைல் வேகத்துக்கு ஏறத்தாழ 43 மீட்டர் போதும் என்றது.

இன்னும் தூரம் போனவர் நெதர்லாந்தின் ஹான்ஸ் மாண்டர்மன். டிராக்டன் நகரின் லாவைப்ளைன் சந்திப்பில் சிக்னல்களை அகற்றி, எல்லாரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வழிவிடும் சதுக்கமாக அதை மாற்றினார். வேகம் குறைந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் கண்ணால் பேசிக்கொள்ளும் சாலையில் கண் தெரியாதவர் என்ன செய்வார்? பிரிட்டனில் பார்வையற்றோர் அமைப்புகள் இதைத் தொடர்ந்து கேட்டன. பார்வையற்றவரான கிறிஸ் ஹோம்ஸ் பிரபு 2015-இல் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். நடைபாதைக்கும் சாலைக்கும் உயர வித்தியாசமில்லாத புதிய திட்டங்களை நிறுத்திவைக்கும்படி 2018-இல் அரசே உள்ளாட்சிகளிடம் கேட்டுக்கொண்டது.

இந்தப் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு. குடியிருப்புத் தெருவில் பார்வை குறைந்தால் வேகம் 30-க்கு இறங்கலாம். 80-இல் வரும் வண்டிக்கு இறங்குபாதையின் அடிப்பகுதியை மறைத்தால் அதே விளைவு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நீண்ட நேரம் வேகமாக ஓட்டியவருக்குத் தன் வேகம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர் டென்டன், எடின்பரோ அருகே நியூபிரிட்ஜ் ரவுண்டானாவை நெருங்கும் சாலையில், போகப்போக நெருக்கமாகும் மஞ்சள் பட்டைகளைக் குறுக்கே வரையச் செய்தது இந்த மயக்கத்தை முறிக்கத்தான். பட்டைகள் நெருங்க நெருங்க வேகம் கூடுவதுபோல் தோன்றி, ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். எதையும் மறைக்காமலே ஓட்டுநரின் பார்வையைக் கொண்டு வேகத்தைக் குறைத்த முயற்சி அது. அதனால் இரண்டு தரப்பினரும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

பார்த்தும் காணாமல் போவது

மூன்றாவது தரப்பு உளவியலாளர்களுடையது. பொருள் தெரிவது வேறு, ஓட்டுநர் அதைக் காண்பது வேறு என்கிறார்கள் இவர்கள்.

பின்லாந்தின் நான்கு நகரங்களில் நடந்த 188 கார்-சைக்கிள் மோதல்களை ரேசேனனும் சும்மாலாவும் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். மோதுவதற்கு முன் சைக்கிளைக் கவனித்த ஓட்டுநர்கள் 11 சதவீதம் மட்டுமே. சைக்கிள்காரர்களில் 68 சதவீதம் பேர் காரைப் பார்த்திருந்தார்கள், அவர்களில் 92 சதவீதம் பேர் கார் தமக்கு வழிவிடும் என்று நம்பினார்கள். அடிக்கடி நிகழ்ந்த மோதல் ஒரே மாதிரியானது. வலப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் இடப்பக்கம் வரும் கார்களையே பார்க்கிறார், இருவழிச் சைக்கிள் தடத்தில் வலப்பக்கமிருந்து வருபவர் கண்ணில் படுவதில்லை. மரமோ சுவரோ மறைக்கவில்லை. அந்தத் திசையிலிருந்து யாரும் வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வாகனம் நமக்கு இடப்பக்கம் ஓடுவதால் திசையை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். இணைப்புப் பாதையிலிருந்து இடது திரும்பும் ஓட்டுநரின் கண் வலப்பக்கம் ஒட்டியிருக்கும். இடப்பக்கமிருந்து எதிர்த்திசையில் வரும் சைக்கிளும், நடந்து வருபவரும் அவருக்கு இல்லாதவர்களே. எதிர்த்திசையில் வருவது விதிமீறல்தான். ஆனால் மேம்பாலங்கள் சாலையை நீளத்துக்குப் பிளந்துவிட்ட ஊர்களில் சட்டப்படி திரும்ப நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருப்பதும் அந்த மீறலுக்கு ஒரு காரணம்.

திறந்த வெளியும் ஏமாற்றும். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்டில் உள்ள இப்லி சந்திப்பு மரம் மட்டையற்ற புல்வெளி நடுவே அமைந்தது. அங்கே 2011-இலும் 2016-இலும் கார் மோதி சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். ஒரே விகிதத்தில் சந்திப்பை நெருங்கும் இரண்டு வாகனங்கள் ஒன்றுக்கொன்று ஒரே கோணத்தில் நிலைத்திருக்கும். பார்வையில் அசையாத பொருள் கவனத்தை ஈர்ப்பதில்லை. காரின் முன்கண்ணாடித் தூண் அதே கோணத்தில் அமைந்துவிட்டால் சைக்கிள் கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். பிரதான சாலையோடு சாய்வாக வந்து சேரும் இணைப்புப் பாதைகளில் இதே நிலை உருவாக வாய்ப்பு அதிகம்.

'ஃப்ரீ லெஃப்ட்' என்னும் வசதி

ஓட்டுநரின் கண் எங்கே போகும் என்பது தெரிந்தால், பாதசாரியை அங்கே நிறுத்திவிடலாமே? இன்று வடிவமைப்பாளர்கள் பலர் நகர்ந்திருப்பது இந்த நான்காவது நிலைப்பாட்டை நோக்கித்தான்.

சிக்னலில் நிற்காமல் இடது திரும்பும் 'ஃப்ரீ லெஃப்ட்' தடமும், மேம்பாலத்தின் அடியில் வந்து சேரும் இணைப்புத் தடமும் வடிவத்தில் நெருங்கியவை. பழைய பாணியில் இந்தத் தடம் பெரிய வளைவோடு, பிரதான சாலையைச் சிறு கோணத்தில் தொடும். ஓட்டுநர் வேகம் குறைக்க வேண்டியதில்லை, ஆனால் வரும் வண்டிகளைக் காணத் தோளுக்குமேல் திரும்பிப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவிவரும் புதிய வடிவம் வளைவை இறுக்கி, சாலையைச் செங்கோணத்துக்கு அருகில் சந்திக்கச் செய்கிறது. தலையைத் திருப்பும் கோணமும் வேகமும் சேர்ந்தே குறைகின்றன. கடக்குமிடத்தைத் தடத்தின் நடுவில், ஒரு கார் நீளம் முன்னதாக வைத்தால், ஓட்டுநர் முதலில் பாதசாரியைப் பார்த்து, பிறகு வண்டிகளைப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வேலை இல்லை.

நெதர்லாந்தில் இத்தகைய தடங்களே நகரங்களில் அரிது. சைக்கிள் தடத்தைச் சந்திப்பிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளிவைத்து, திரும்பி முடித்த கார் ஏறத்தாழ நேராக நின்று சைக்கிளைப் பார்க்கும்படி செய்கிறார்கள். நெரிசல் மிகுந்த இடங்களில் மட்டங்களையே பிரித்துவிடுகிறார்கள். ஐந்தோவனில் 2012-இல் திறந்த ஹோவன்ரிங், சைக்கிள்களுக்கென்றே சாலைக்கு மேல் தொங்கும் வட்டப் பாலம்.

எல்லாப் புதுமையும் இப்படி எளிதாகப் பொருந்திவிடுவதில்லை. அமெரிக்காவில் 2009-இல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் முதலில் திறக்கப்பட்ட 'டைவர்ஜிங் டைமண்ட்' சந்திப்பில், பாலத்தின் மீது மட்டும் வாகனங்கள் சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி ஓடும். திரும்பும்போது எதிர்வரிசையைக் குறுக்கே கடக்கும் மோதல்கள் அதனால் மறைகின்றன. ஆனால் அங்கே நடப்பவருக்கு வண்டி வரும் திசை, வாழ்நாள் முழுதும் பழகிய திசைக்கு நேர்மாறு. ஓட்டுநரின் சிக்கலைத் தீர்த்த வடிவம் தேடலின் சுமையைப் பாதசாரியின் தலையில் ஏற்றிவிட்டது.

லாரியின் ஜன்னல் உயரம்

லண்டனின் போ சந்திப்பில் பிரதான சாலை பாலத்தில் போகிறது, ஏறுபாதைகளும் இறங்குபாதைகளும் கீழே ரவுண்டானாவில் கூடுகின்றன. 2011-இல் சில வாரங்களுக்குள் இருவரும், 2013-இல் ஒருவரும் அங்கே சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்தார்கள். முதல் மரணத்தின்போது சாலையில் நீல வண்ணப் பட்டைதான் இருந்தது. அது பாதுகாப்பான இடம் என்ற பொய்யான நம்பிக்கையைத் தருவதாக மரண விசாரணை அதிகாரி எச்சரித்தார். 2011-க்குப் பிறகு சைக்கிள்களை முன்கூட்டியே விடும் சிக்னல் வந்தது, தடுப்பு வைத்துப் பிரித்த தடமும் வந்தது.

சாலையின் வடிவத்தை மட்டும் திருத்திப் பயனில்லை, ஓட்டுநர் அமர்ந்திருக்கும் பெட்டியையும் திருத்த வேண்டும் என்ற வாதம் இதிலிருந்து வலுப்பெற்றது. லாரியின் அறையிலிருந்து கண்ணாடியின் துணையின்றி நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று நட்சத்திரங்களால் மதிப்பிடும் முறையை லண்டன் கொண்டுவந்தது. 2021 மார்ச்சிலிருந்து 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அனுமதி கட்டாயமானது. 2024 அக்டோபரில் வரம்பு மூன்று நட்சத்திரமாக உயர்ந்தது, அதை எட்டாத லாரிகளில் கூடுதல் உணர்கருவிகள் பொருத்த வேண்டும்.

இருட்டும் ஒலியும்

பார்வைத் தூரக் கணக்குகள் பெரும்பாலும் பகலுக்கானவை. இறங்குபாதையின் அடியில் உள்ள பள்ளவளைவில் இரவுப் பார்வையை ஹெட்லைட்தான் தீர்மானிக்கிறது. விளக்கு 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, ஒளி ஒரு டிகிரி மேல்நோக்கி விரிகிறது என்று இந்தியத் தரம் கொள்கிறது. அந்த ஒளி சேரும் தூரமே ஓட்டுநரின் உலகம். நடப்பவரோ தான் தெரிகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பார். இரவில் பாதசாரிகள் தாம் தெரியும் தூரத்தை மிகைப்படுத்தி மதிப்பிடுகிறார்கள் என்பதை ஆலனும் உடனாய்வாளர்களும் 1970-லேயே காட்டினார்கள்.

பார்வையற்றவருக்குத் தெருவைக் கடக்கும் கருவி செவி. நிற்காமல் திரும்பும் தடங்களில் ஓயாத இரைச்சலுக்கு நடுவே எந்த வண்டி வழிவிட்டு நிற்கிறது என்று காதால் பிரித்தறிவது கடினம். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்தின் 674-ஆம் அறிக்கை இதை 2011-இல் விரிவாகப் பதிவுசெய்தது. பார்வை பற்றிய விவாதம் முழுவதும் இவர்களை விட்டுவிட்டே நடந்துவந்திருக்கிறது என்பது வருத்தமான உண்மை.

சென்னையின் இறக்கங்களில்

சென்னையின் முதல் மேம்பாலமான அண்ணா மேம்பாலம், மக்கள் வழக்கில் ஜெமினி மேம்பாலம், 1973-இல் திறக்கப்பட்டது. கத்திப்பாராவின் குளோவர் இலை 2008-இல் முழுமையடைந்தது. உட்பிரிட்ஜின் வடிவம் எண்பது ஆண்டுகள் கழித்து இங்கே வந்தபோது, அதன் பழைய விடுபடலும் கூடவே வந்தது. பின்னர் பக்கத்தில் ஆலந்தூர் மெட்ரோ நிலையம் எழுந்தது. பாலத்தின் அடியிலேயே 2021-இல் நகர்ப்புறச் சதுக்கம் திறந்தார்கள். வாகனம் நிற்காமல் ஓட வரையப்பட்ட வளையங்களின் நடுவே, நடந்து வருபவர்களுக்கான இடம் உருவாகியிருக்கிறது. பாதசாரி எங்கே கடப்பார் என்பதை இனிமேலும் பின்யோசனையாக விட முடியாது.

எண்களும் அதையே சொல்கின்றன. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதம் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இவற்றில் எத்தனை இறங்குபாதைகளின் அடியில் நடந்தவை என்பதை இந்த எண்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கார் ஓட்டுநரின் கண்ணை மையமாக வைத்து எழுதிய பார்வைக் கணக்கு, இறப்பவர்களில் பெரும்பாலோரை மையமாக வைக்கவில்லை என்று சொல்ல இவையே போதும்.

இன்னும் முடியாத வழக்கு

முதல் இரு தரப்புகளும் முழுதாகத் தோற்கவில்லை. வேகத்தை மாற்ற முடியாத இடத்தில் பார்வைத் தூரம் தவிர்க்க முடியாதது. வேகத்தை வடிவத்தால் இறக்க முடிந்த இடத்தில் அளவுக்கு மீறிய பார்வை தேவையற்றது, சில வேளை தீங்கும்கூட. இரண்டையும் இணைக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 50 கிலோமீட்டரில் 60 மீட்டர் தேவைப்பட்ட ஓட்டுநருக்கு 30-இல் 30 மீட்டர் போதும். பார்வைக்காக நிலம் கையகப்படுத்துவதைவிட வேகத்தைக் குறைப்பது பல இடங்களில் மலிவானதும் உறுதியானதும் ஆகும். ஆகவே இறங்குபாதையின் அடியில் எந்த வேகம் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற வடிவத்தை வரைந்து, அதன்பின் பார்வையை அளப்பதே பொருத்தமான வரிசையாகத் தெரிகிறது. இன்றைய நடைமுறை பெரும்பாலும் இதற்கு நேரெதிர்.

சந்திப்பு முனைகளில் வாகனம் நிறுத்துவதைத் தடுத்துப் பார்வையைத் திறக்கும் முறைகூட ஒருமுகமான விடை தரவில்லை. நியூஜெர்ஸியின் ஹோபோகன் நகரம் இதைப் பரவலாகச் செய்து, 2017-இலிருந்து பல ஆண்டுகள் சாலை மரணமே இல்லாமல் கடந்தது. ஆற்றுக்கு மறுகரையில் நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வோ, கல்லோ கம்பமோ வைக்காமல் வெறுமனே இடத்தைத் திறந்துவிட்டால் பாதுகாப்பு கூடுவதாகத் தெரியவில்லை என்றது. திறந்த முனையில் வண்டிகள் வேகமாகத் திரும்புவது இதற்குக் காரணமாக இருக்கலாம்.

இந்தியச் சாலைகளுக்கென்று விடை தேட வேண்டிய கேள்விகள் குறிப்பானவை. இறங்குபாதையின் அடியில் உயர்த்திய மேடையாகக் கடக்குமிடம் அமைத்தால் பாதசாரிக்கு நல்லது. ஆனால் 5 சதவீத இறக்கத்தில் வரும் வண்டிக்கு நிற்கச் சமதளத்தைவிடக் கூடுதல் தூரம் வேண்டும், பின்னால் வரும் இருசக்கர வாகனம் மோதும் ஆபத்து எவ்வளவு? கடக்குமிடத்தை இறக்கத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிவைத்தால், மக்கள் அதைப் புறக்கணித்துக் குறுக்கே நடக்கத் தொடங்குவார்கள்? ஆட்டோ, பேருந்து, பைக் ஓட்டுநர்களின் கண்கள் இணைப்பு முடிவில் உண்மையில் எங்கே போகின்றன? ஒரே நகரத்தில் சில இறக்கங்களை மாற்றியமைத்து, சிலவற்றை அப்படியே விட்டு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வேகத்தையும் மயிரிழையில் தப்பிய மோதல்களையும் காணொளியில் அளந்தால், இவற்றில் முதல் இரண்டுக்காவது சில ஆண்டுகளில் விடை கிடைக்கும்.